துணி தொங்கும் சஞ்சிகைத் தாங்கி: கால் விரிகிறது, பெயின்ட் ஒட்டுகிறது

கேள்வி (நுவரெலியா):
பெருக்கல் குறி போன்ற கால்கள், நடுவே பெயின்ட் அடித்த கன்வஸ் துணி. சஞ்சிகைகளை வைத்ததும் கால்கள் விரிந்துவிடுகின்றன. பெயின்ட் காய்ந்தும் பிசுபிசுக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் (ஹட்டன்):
கால்கள் சேரும் இடத்தில் ஒரே ஆணிதான் இருக்கும். அதுவே அச்சாகிச் சுழலும். அங்கே மரப்பசை பூசி, மூலைவிட்டமாக இரண்டு திருகாணி போடுங்க. 18 அங்குலக் கால்கள் செங்கோணத்தில் நின்றால் மேல்வாய் ஏறக்குறைய 12¾ அங்குலம் இருக்கும், அது போதும். பலகை முக்கால் அங்குலத் தடிப்பு என்றால், உட்பக்கக் கால் சோடியை இணைக்கும் குறுக்குத்தடிகள் வெளிச்சோடியின் தடிகளைவிட 1½ அங்குலம் குட்டையாக இருக்கணும்: வெளியே 15 என்றால் உள்ளே 13½. இரண்டையும் ஒரே அளவில் வெட்டினால் சட்டம் கோணிவிடும். திருகாணிக்கு முன்துளை கட்டாயம், இல்லாவிட்டால் தடியின் முனை பிளக்கும். காயாத யூக்கலிப்டஸ் பலகையைத் தொடவே வேண்டாம், உலரும்போது முறுக்கிக்கொள்ளும்.

பதில் (பண்டாரவளை):
துணி 27க்கு 13 அங்குலம். இரு முனையிலும் 2½ அங்குலம் மடித்து, தடி நுழையத் தையுங்க. பெயின்டுக்கு முன்னால் துணியைத் துவைத்துக் கஞ்சியைப் போக்கணும். கஞ்சி இருந்தால் நிறம் இழைக்குள் இறங்காது. துணிக்கான அக்ரிலிக் பெயின்டை மெல்லிசாக இரண்டு முறை பூசுங்க. தடித்தால் மடிப்பில் வெடிக்கும். மூடுபனி நாளில் வெளியே காயப்போடாதீங்க. ஒரு நாள் முழுக்க உள்ளே காயவிட்டு, மறுபக்கம் இஸ்திரி போட்டால்தான் நிறம் பிடிக்கும். தடி நுழையும் மடிப்பில் பெயின்ட் வேண்டாம்.

பதில் (ஹட்டன்):
மேல்தடிகளுக்குப் பசை போடாமல் திருகாணி மட்டும் போடுங்க. பூஞ்சணம் பிடித்தால் துணியைக் கழற்றித் துவைக்கலாம்.