50 வருடமாக அதே செய்தி மெட்டு: பெருமையா, சோம்பலா?

டெலவேர் குமார்

போன வாரம் சென்னையிலிருந்து என் மைத்துனன் வந்திருந்தான். மாலை ஆறு மணிச் செய்தி தொடங்கியதும் வாய்விட்டுச் சிரித்தான். "என்ன மாமா, பழைய காலத்து சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கு?" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதனால்தான் இந்த இழை.

அவன் சிரித்தது பிலடெல்பியாவின் சேனல் 6, டபிள்யூபிவிஐ நிலையத்தின் 'ஆக்‌ஷன் நியூஸ்' மெட்டைக் கேட்டு. 'மூவ் க்ளோசர் டு யுவர் வேர்ல்ட்' என்று அதற்குப் பெயர். அல் ஹாம் என்பவர் போட்டது. 1970களின் தொடக்கத்திலிருந்து அதேதான் ஓடுகிறது. 1996இல் ஒரு முறை மாற்றிப் பார்த்தார்கள். மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, லண்டன் சிம்பொனி இசைக்குழுவை வைத்துப் பிரமாண்டமாக வாசிக்கச் செய்தார்கள். ஊரே போன் போட்டுத் திட்டியது. சில நாட்களிலேயே பழையதற்குத் திரும்பிவிட்டார்கள்.

நம் தமிழ்ச் செய்தி சேனல்களில் எதற்காவது இப்படி ஒரு மெட்டு உண்டா? கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எந்தச் சேனல் என்று சொல்ல முடியுமா? ஊர்ச் சேனல் என்றால் ஊர் அதைக் காதால் அடையாளம் காண வேண்டும் என்பது என் கட்சி.

வடபழனி எடிட்டர்

குமார் சார், நான் செய்தி சேனல் கிராபிக்ஸில் 14 வருடமாகக் குப்பை கொட்டுகிறவன். நீங்கள் சொல்வதில் ஒரு ஓட்டை இருக்கிறது.

அந்தச் சேனல் மெட்டை மாற்றாததால் முதலிடத்தில் இருக்கிறதா, முதலிடத்தில் இருப்பதால் மாற்றாமல் இருக்கிறதா? ஓடுகிற குதிரைக்கு யாரும் லாடம் மாற்றுவதில்லை. தோற்கிறவன்தான் மாற்றுவான். பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. உங்கள் ஊர் கேஒய்டபிள்யூ, சேனல் 3. 'ஐவிட்னஸ் நியூஸ்' என்ற வடிவத்தையே 1965இல் அங்கேதான் அல் பிரிமோ உருவாக்கினார். செய்தியாளரே திரையில் தோன்றித் தன் செய்தியைச் சொல்வது என்பது அன்றைக்குப் புதுசு. அதைச் சமாளிக்கத்தான் 1970இல் சேனல் 6 'ஆக்‌ஷன் நியூஸ்' என்று வேகவேகமான சின்னச் சின்னச் செய்திகளோடு இறங்கியது. அப்புறம் கேஒய்டபிள்யூ என்னவெல்லாம் மாற்றிப் பார்த்தது! மெட்டு, செட், வாசிப்பவர்கள். 1995இல் என்பிசி நெட்வொர்க்கிலிருந்து சிபிஎஸ் நெட்வொர்க்குக்கே தாவ வேண்டி வந்தது. அவர்கள் மாற்றியது கிறுக்குப் பிடித்து அல்ல. மாற்றாமல் இருக்கக் கட்டுப்படியாகவில்லை.

குறுக்குக்கேள்வி

குமார், ஒரு சின்ன விஷயம். நீங்கள் 'எங்கள் ஊர் மெட்டு' என்று மார்தட்டுகிறீர்களே, அதே மெட்டை நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் டபிள்யூகேபிடபிள்யூவும், உங்கள் பென்சில்வேனியாவிலேயே ஸ்க்ரான்டன் பக்கம் டபிள்யூஎன்இபியும் வருடக்கணக்காகப் போட்டன, தெரியுமா? பஃபலோக்காரனும் அது தன் ஊர் மெட்டு என்றுதான் சொல்வான்.

இது மொத்த வியாபாரம் சார். ஃபிராங்க் கேரி என்று ஒருவர் 'ஹலோ' என்ற பாட்டைச் செய்து நிலையம் நிலையமாக விற்றார். மில்வாக்கிக்கு 'ஹலோ மில்வாக்கி', கனடாவில் கால்கரிக்கு 'ஹலோ கால்கரி'. மெட்டு ஒன்று, ஊர்ப் பெயர் மட்டும் வேறு. கல்யாணப் பத்திரிகையில் பெயரை மட்டும் மாற்றி அச்சடிப்பது போல. இதில் எங்கே இருக்கிறது மண் வாசனை?

நியூயார்க்கின் டபிள்யூஏபிசி நிலையம் இன்னும் மேல். 1967இல் வந்த 'கூல் ஹேண்ட் லூக்' படத்துக்கு லாலோ ஷிஃப்ரின் போட்ட பின்னணி இசையில் ஒரு துண்டை எடுத்துச் செய்தி மெட்டாக்கிக்கொண்டார்கள். படத்தில் அது என்ன காட்சி தெரியுமா? கைதிகள் வெயிலில் சாலைக்குத் தார் போடுகிறார்கள். தந்தி அடிப்பது போல டக்டக்கென்று இருந்ததால் செய்திக்குப் பொருந்திவிட்டது. ஆஸ்திரேலியாவின் சேனல் நைன் செய்திக்கும் அதே துண்டுதான். ஆக சிட்னிக்கும் நியூயார்க்குக்கும் ஒரே ஊர் அடையாளம்!

டெலவேர் குமார்

எங்கிருந்து வந்தது என்பதா முக்கியம்? கோவிலில் சாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில் மல்லாரி வாசிக்கிறார்கள். தஞ்சாவூரிலும் மல்லாரிதான், திருவாரூரிலும் மல்லாரிதான். அதற்காக, 'இது எங்கள் ஊர் சாமி கிளம்பும் சத்தம் இல்லை' என்று எவனாவது சொல்வானா? அடுப்படியில் இருப்பவர்கள் அதைக் கேட்டுத்தான் வாசலுக்கு ஓடி வருகிறார்கள். ஊர் எடுத்துக்கொண்டால் அது ஊருடையது. அவ்வளவுதான்.

குறுக்குக்கேள்வி

மல்லாரியை எந்தக் கம்பெனியும் உரிமம் போட்டு விற்கவில்லையே. உங்கள் சேனல் 6 டிஸ்னிக்குச் சொந்தம். கேபிடல் சிட்டீஸ் என்ற நிறுவனத்தின் கையில் இருந்தது, அது ஏபிசி நெட்வொர்க்கை வாங்கியது, 1996இல் மொத்தத்தையும் டிஸ்னி வாங்கியது. நாளைக்கு கலிபோர்னியாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தால் மெட்டு போய்விடும். ஊருடையதாம்!

சுகந்தி, நியூஜெர்சி

அந்த 1996லேயே மாற்றிப் பார்த்துத்தானே திரும்பி வந்தார்கள்? மின்னஞ்சல் அனுப்புகிறவருக்கும் அது தெரிந்திருக்கும்.

எல்லாரும் கம்பெனி, உரிமம் என்றே பேசுகிறீர்கள். நான் பார்ப்பவள், சொல்கிறேன். நான் இங்கே வந்த புதிதில் காரில் எஃப்எம் 87.7 வைத்தால் சேனல் 6 டிவியின் ஒலி அப்படியே கேட்கும். அனலாக் காலத்தில் ஆறாம் சேனலின் ஒலி அலைவரிசை எஃப்எம் ரேடியோவின் ஓரத்தில் விழுந்ததால் கிடைத்த இலவசம் அது. வேலை முடிந்து பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது அந்த மெட்டு வந்தால் மணி ஆறு, இன்றைக்கும் குழந்தையைக் கூப்பிட லேட் என்று அர்த்தம். 2009 ஜூனில் டிஜிட்டலுக்கு மாறியதும் அது போயிற்று. போதாக்குறைக்கு அந்த ஆறாம் எண் அலைவரிசையிலேயே டிஜிட்டலையும் விட்டார்கள். ஆன்டெனா வைத்திருந்த பல வீடுகளில் படமே வரவில்லை. எண்ணும் அடையாளம்தான், மெட்டும் அடையாளம்தான். ஆனால் எண் கை கொடுக்கவில்லை.

என் மாமியார் ஆறு மாதம் வந்து தங்குவார். ஆங்கிலம் ஒரு வார்த்தை புரியாது. மெட்டு கேட்டதும் வந்து உட்கார்ந்துவிடுவார். ஏழு நாள் வானிலைப் பலகையில் மேகமும் சூரியனும் எண்ணும் வரும் இல்லையா, அதைப் பார்த்து வியாழக்கிழமை துணி துவைக்கலாமா என்று அவரே முடிவு செய்வார். கிராபிக்ஸ் என்றால் அது. மற்றதெல்லாம் ஜிகினா.

பழைய ஆன்டெனா

நமக்கு அப்படி ஒரு மெட்டு இல்லை என்று யார் சொன்னது? தூர்தர்ஷன்! 1976இலிருந்து. பண்டிட் ரவிசங்கர் பெயர் சொல்லும் அந்த மெட்டு. கூடவே சின்னம், இரண்டு வளைவுகள் சுற்றிச் சுற்றி வந்து நடுவில் ஒரு உருண்டையோடு கண்ணாக நிற்கும். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவராக இருந்த தேவாசிஸ் பட்டாச்சார்யா வரைந்தது. எங்கள் ராமநாதபுரத்தில் ஆன்டெனாவை ஒரு பக்கம் திருப்பினால் இலங்கையின் ரூபவாஹினி தெளிவாக வரும், இன்னொரு பக்கம் திருப்பினால் தூர்தர்ஷன் கொசுவோடு வரும். கொசுவுக்கு நடுவிலும் அந்த மெட்டு வந்துவிட்டால், அப்பா "நிறுத்து, நிறுத்து, வந்துடுச்சு" என்று மொட்டை மாடியைப் பார்த்துக் கத்துவார்.

2017இல் புதிய சின்னம் வேண்டும் என்று போட்டி அறிவித்தார்கள். ஆனாலும் அந்தக் கண் போகவில்லை. 2024 ஏப்ரலில் டிடி நியூஸின் சிவப்புச் சின்னம் ஆரஞ்சுக்கு மாறியபோது எவ்வளவு சண்டை! காவி என்றார்கள், இல்லை ஆரஞ்சு என்றார்கள். யாருமே பார்ப்பதில்லை என்று சொல்லப்பட்ட சேனல். நிறத்தை மாற்றியதும் நாடே பார்த்தது.

வடபழனி எடிட்டர்

ஐயா, மன்னிக்கவும், தூர்தர்ஷனுக்கு அன்றைக்குப் போட்டியே கிடையாது. ஒரே கடை இருக்கிற ஊரில் கடைப் பலகை எதற்கு?

குமார் சார் முதலில் கேட்டாரே, தமிழ்ச் சேனல்கள் ஏன் ஒரே மாதிரி என்று. அதற்கு உள்ளிருந்து பதில் சொல்கிறேன். புது எடிட்டர் வருகிறார். வந்த மூன்றாம் மாதம் 'லுக் மாற்று' என்பார். செய்தியை மாற்ற நாளாகும், லுக்கை ஒரே இரவில் மாற்றிவிடலாம், முதலாளிக்குக் கண்ணுக்குத் தெரியும். உடனே நெட்டில் ஒரு டெம்ப்ளேட் வாங்குவோம். சிவப்பு, நீலம், சுற்றும் உலக உருண்டை, டமடமவென்று மத்தளம். மெட்டும் அந்த மாதிரிக் கடையில் வாங்கியதுதான். அதே டெம்ப்ளேட்டைத் தெலுங்கில் ஒரு சேனலில் பார்த்திருக்கிறேன், வங்காளத்தில் பார்த்திருக்கிறேன்.

அதில் தமிழை ஏற்றும்போது படும் பாட்டைக் கேளுங்கள். ஆஸ்டன் என்போமே, வாசிப்பவருக்குக் கீழே பெயரும் தலைப்பும் வரும் பட்டை, அதை ஆங்கிலப் பெரிய எழுத்தை மனதில் வைத்து வரைந்திருப்பார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து எல்லாம் ஒரே உயரம். நமக்கு மேலே 'கி', 'கீ' விசிறி, கீழே 'கு', 'கூ' வால். பட்டையை நெருக்கினால் 'நீதிபதி'க்கு மொட்டை விழும், அகலப்படுத்தினால் வாசிப்பவரின் கழுத்து மறையும். 'பேச்சுவார்த்தை' என்ற ஒரு சொல்லே பட்டையின் பாதியைத் தின்றுவிடும். அப்புறம் கீழே துணுக்குச் செய்திகள் வரும் டிக்கர், அதற்கும் கீழே ஓடிக்கொண்டே இருக்கும் ஸ்க்ரோல், இடது பக்கம் வானிலை, வலது மேல் மூலையில் லோகோ, லோகோவுக்குக் கீழே 'நேரலை'. மிச்சம் இருக்கிற தபால் தலை அளவு இடத்தில் செய்தி. ஒருமுறை நான் வேலை பார்த்த இடத்தில் வெள்ளத்தைக் காட்டினோம், தண்ணீர் முழுக்க டிக்கருக்குப் பின்னால் போய்விட்டது. நிருபர் 'இங்கே பாருங்கள், முழங்கால் அளவு' என்கிறார். முழங்காலைக் காணோம்.

இந்த நிலையில் மெட்டைப் பற்றி யார் யோசிப்பது?

டெலவேர் குமார்

நீங்கள் சொன்னது என் கட்சிக்குத்தான் ஆதரவு எடிட்டர் சார். வருடா வருடம் பட்டையை மாற்றாமல், ஒரு தடவை தமிழுக்கென்றே உட்கார்ந்து வரைந்து 20 வருடம் வைத்திருந்தால் என்ன?

வடபழனி எடிட்டர்

பட்டை விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். மெட்டு விஷயத்தில் இல்லை.

குறுக்குக்கேள்வி

நான் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறேன். மாறாத மெட்டு, பழகிய லோகோ, ஊர்ப் பெயர், எல்லாம் சேர்ந்து என்ன செய்கிறது? நம்பிக்கையைச் சேர்த்து வைக்கிறது. சரி, அந்த நம்பிக்கையை யார் செலவு செய்கிறார்கள்?

2018இல் பரவிய வீடியோ நினைவிருக்கிறதா? சின்க்ளேர் நிறுவனத்தின் நிலையங்களில், ஊர் ஊராக உள்ளூர் வாசிப்பாளர்கள், பொய்ச் செய்தி ஆபத்து என்று ஒரே வசனத்தை வார்த்தை மாறாமல் வாசித்தார்கள். டெட்ஸ்பின் தளம் அவற்றைத் தொகுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டது. பஜனை கோஷ்டி தோற்றது. ஒவ்வொரு திரையிலும் வேறு வேறு லோகோ, வேறு வேறு நிறம். வசனம் மட்டும் தலைமையகத்திலிருந்து. அந்த லோகோக்கள் அன்றைக்கு அடையாளம் அல்ல, முகமூடி. மாறாக கன்னெட் நிறுவனம் 2012, 13 வாக்கில் தன் நிலையங்களுக்கெல்லாம் யுஎஸ்ஏ டுடே நாளிதழின் பாணியில் ஒரே கிராபிக்ஸ் போட்டது. 'உள்ளூர்த்தன்மை போச்சு' என்று அதைத் திட்டினார்கள். என்னைக் கேட்டால் அதுதான் நேர்மை. முதலாளி ஒருவன் என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

சுகந்தி, நியூஜெர்சி

இது நல்ல கேள்வி. ஆனால் வசனம் எழுதியவர் குற்றத்துக்கு மெட்டு போட்டவரை ஏன் கூண்டில் ஏற்றுகிறீர்கள்? என் ஊரில் பனி பெய்தால் எந்தப் பள்ளிக்கு விடுமுறை என்று அந்தச் சேனல்தான் சொன்னது. தலைமையகத்துக்கு என் குழந்தையின் பள்ளிப் பெயர் தெரியாது.

டெலவேர் குமார்

இன்னொன்றைச் சொல்கிறேன். ஜிம் கார்ட்னர் 1977இலிருந்து ஆக்‌ஷன் நியூஸ் வாசித்தார். 2022 டிசம்பர் 21 அன்று ஓய்வு பெற்றார். 45 வருடம். என் பெண் பிறந்ததும் அவர் காலம், கல்லூரிக்குப் போனதும் அவர் காலம். மறுநாள் மாலை வேறு முகம். ஆனால் முன்னால் அதே மெட்டு வந்தது. வீட்டில் யாரும் ரிமோட்டை எடுக்கவில்லை. புது முகம், புது மெட்டு, புது செட் என்று ஒரே நாளில் இறக்கியிருந்தால் வேறு சேனலுக்குப் போயிருப்போம். எடிட்டர் சார், இது சோம்பல் இல்லை. கணக்கு.

வடபழனி எடிட்டர்

அந்தக் கணக்கு புரிகிறது. முகம் மாறும்போது மெட்டு தாங்கிப் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊரில் வாசிப்பாளர்கள் சேனல் விட்டுச் சேனல் தாவும் வேகத்துக்கு ஏதாவது ஒன்று நிலையாக இருந்தால் நல்லதுதான்.

ஆனால் அடுத்த மாதம் எங்களுக்குப் புது லுக். இன்று ஆறு மெட்டு போட்டுக் காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். இப்போது இரவு சாப்பாடு முடித்து உட்கார்ந்து யோசிக்கிறேன், ஆறில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. தார் போடும் மெட்டு மட்டும் மதியம் ஒரே ஒரு தடவை கேட்டேன், அது இன்னும் ஓடுகிறது. சரி, யாராவது அந்த 1996 லண்டன் சிம்பொனி வடிவத்தைக் கேட்டீர்களா? இல்லை, கேட்காமலே இரண்டு நாளாகச் சண்டை போடுகிறோமா?

குறுக்குக்கேள்வி

நான் கேட்கவில்லை. கேட்காமலேயே ஆதரிக்கிறேன்.

டெலவேர் குமார்

இப்போதுதான் தேடிப் பிடித்துக் கேட்டேன். இரண்டு தடவை.

நன்றாகத்தான் இருக்கிறது. மைத்துனனிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.