லீவு கேட்டால் முகம் மாறுகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங் பார்க்கிறேன், இரண்டு வருடமாக. இங்கே லீவு கேட்டாலே "வீட்டில யாருக்கு என்ன?" என்றுதான் முதல் கேள்வி வரும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் லீவும் இல்லை. சொந்தத் தங்கை நிச்சயதார்த்தத்துக்குக் கேட்டபோது, "முகூர்த்த நாள்ல கடையை விட்டுட்டுப் போவியா?" என்றார் சூப்பர்வைசர். முகூர்த்த நாளில்தானே நிச்சயதார்த்தம் வைப்பார்கள்! முதலாளியைவிட சீனியர்கள்தான் மோசம். "என் கல்யாணத்துக்கே மூணு நாள்தான் எடுத்தேன்" என்று பெருமையாகச் சொல்கிறார் ஒரு அக்கா. காய்ச்சலில் ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடிக்கிறார்கள்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன்படி 12 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு வருடத்தில் 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு, அதற்கு மேல் தற்செயல் விடுப்பு 12, மருத்துவ விடுப்பு 12 என்று படித்தேன். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் இதே சட்டத்தில் சேர்த்தார்கள். எங்கள் கடையில் ஸ்டூல் வந்துவிட்டது, லீவு மட்டும் வரவில்லை.

என்னிடம் நியமனக் கடிதம் கிடையாது. வருகைப் பதிவும் சம்பளம் ஏறும் பாஸ்புக்கும்தான் ஆதாரம். அது போதுமா? தொழிலாளர் துறையில் மனு கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பெயர் வெளியே தெரியாமல் கொடுக்க முடியுமா? அப்புறம், அதற்கு முன்னால் முதலாளியிடமே எழுத்தில் கேட்பதென்றால் எப்படி எழுதலாம்? வேலை போய்விடக் கூடாது, வீட்டு வாடகை என் சம்பளத்தில்தான்.