220ஆம் எண் உப்புத்தாள் வரை தேய்த்தும் சாயத்தில் தெரியும் கீறல்கள்

மூன்று தேக்குப் பலகைகளை ஒட்டிச் செய்த மேசையின் மேற்பரப்பைக் கையாலேயே தேய்த்து மெருகேற்ற மூன்று வாரமாக முயன்றுவருகிறேன். கைக்கு வழவழப்பாக இருக்கும் பரப்பில், நீரில் கரையும் சாயத்தைப் பூசியதும் மர இழைக்குக் குறுக்கே மெல்லிய கருங்கோடுகள் தெரிகின்றன. சாயத்தை இரண்டு முறை தேய்த்தெடுத்துவிட்டுப் பூசியும் அதே இடத்தில் அவையே வருகின்றன.

80, 120, 180, 220 என்ற எண் வரிசையில் (எண் கூடக்கூடத் தாளின் சொரசொரப்பு குறையும்), தக்கைக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, இழையோட்டத்தோடுதான் தேய்த்தேன். தொடக்கத்தில் மட்டும், பலகைகள் சேரும் ஒட்டுவாயில் மேடாக நின்ற பசையை எடுக்க 80ஆம் எண் தாளால் குறுக்காகத் தேய்த்தது உண்டு. கோடுகளும் அந்த ஒட்டுவாயை அடுத்த நான்கு விரல் அகலத்தில்தான் அதிகம் என்பதால் என் சந்தேகம் அங்கேயே நிற்கிறது.

தேக்கின் எண்ணெய்ப்பசை தாளை அடைத்துவிடுவதால் அடிக்கடி புதுத்தாள் மாற்றினேன். ஒவ்வொரு எண் முடிந்ததும் தூசியைத் துடைத்தேன். ஈரத்துணியால் ஒற்றி, எழும்பிய நாரை உலர்ந்தபின் மீண்டும் 220ஆல் தேய்த்தேன். 320 வரை போயும் பளபளப்பு கூடியதே தவிரக் கோடு போகவில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பரப்பின்மேல் சாய்த்துப் பிடித்தால், சாயம் பூசுமுன்பே தலைமுடி போன்ற கீறல்கள் நிழலாகத் தெரிகின்றன.

ஒட்டுவாயை மட்டும் தனியாகத் தேய்த்தால் நிறம் திட்டுத்திட்டாகிவிடும் என்று அஞ்சுகிறேன். முழுப் பரப்பையும் 80இலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டுமா, அல்லது 120இலிருந்து தொடங்கினாலே இக்கீறல்கள் போய்விடுமா?