‘ஒரே ஆக்சன்’ என்றால் என்ன? முறிகண்டிக் கச்சானுக்குப் பதில்

வான்கதவு, இரவு 8:10
நேற்று நான் அளாப்பி வென்றேன் என்று முறிகண்டிக் கச்சான் காலையில் இருந்து ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாராம். அதனால் இங்கேயே எழுதுகிறேன், நாலு பேர் பார்க்கட்டும்.

வராதவர்களுக்காக: கிளிநொச்சியில் மொட்டைக்கறுப்பன் வீட்டு விறாந்தையில் நாலு பேர் ‘வம்பயர்’ என்ற காட்டேரிக் கார்ட் விளையாட்டு விளையாடினோம். என் வலப்பக்கம் மொட்டைக்கறுப்பன், இடப்பக்கம் கச்சான். மொட்டைக்கறுப்பனின் காட்டேரி எனக்கு 4 பிளீட் அடித்தது, அதாவது என் பூலில் (உயிர்ப் புள்ளியில்) 4 குறைக்க வந்தது. நான் டிஃப்ளெக்ஷன், அதாவது பிளீட்டை வேறு ஆளிடம் திருப்பிவிடும் கார்ட், போட்டுக் கச்சானிடம் தள்ளினேன். கச்சானும் ஒரு டிஃப்ளெக்ஷன் போட்டு எனக்கே திருப்பினார். நான் இன்னொன்று போட்டுத் திரும்பவும் அவரிடமே அனுப்பினேன். அவரிடம் இருந்த பூல் 3. ஆள் அவுட். எனக்கு ஒரு வெற்றிப் புள்ளி, 6 பூல். இதில் அளாப்பல் எங்கே?

முறிகண்டிக் கச்சான், 8:24
இரண்டையும் போட்டது ஒரே காட்டேரி என்பதை மட்டும் நைசாக விட்டுவிட்டீர்கள் அண்ணை. விதிப்புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது: ஒரு மினியன் (எங்கள் காட்டேரிகள் மாதிரி) ஒரே ஆக்சனுக்குள், டிஃப்ளெக்ஷன் மாதிரியான அதே ரியாக்சன் கார்டை ஒரு தரத்துக்கு மேல் போட ஏலாது. ஒரே ஆக்சன். ஒரே மினியன். அவ்வளவுதான்.

வான்கதவு, 8:31
தம்பி, அது ஒரே ஆக்சன் இல்லை. முதலில் பிளீட் எனக்கு. பிறகு உமக்கு. பிறகு திரும்ப எனக்கு. ஆள் மாறினால் ஆக்சனும் மாறும். வவுனியாவில் இருந்து யாழ்ப்பாணம் போகிற பஸ் மாங்குளம் சந்தியில் முல்லைத்தீவுப் பக்கம் திரும்பினால், அதை யாழ்ப்பாண பஸ் என்றா சொல்லுவீர்?

முறிகண்டிக் கச்சான், 8:35
பஸ் அதே பஸ்தானே. டிரைவரும் அதே ஆள்தானே. ஒரே பஸ், ஒரே ஆக்சன்.

வட்டக்கச்சிக்காரி, 8:40
முல்லைத்தீவுக்கு மாங்குளத்தால் ஏன் திரும்ப வேண்டும்? பரந்தனால் போனால் புதுக்குடியிருப்பும் பார்த்துக்கொண்டு போகலாம்.

வான்கதவு, 8:42
வவுனியாவில் இருந்து வருகிறவன் பரந்தன் மட்டும் போய்ச் சுற்றுவானா? ஒட்டுசுட்டான் றோட்டுப் பக்கம் நீங்கள் போனதே இல்லைப் போல.

வட்டக்கச்சிக்காரி, 8:43
நான் போகாத ஒட்டுசுட்டானா? என் அம்மம்மாவின் ஊரே அதுதான். உங்களுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

மொட்டைக்கறுப்பன், 8:50
பிளீட் அடித்தவன் நான். என்னை ஒருவரும் கேட்கவில்லை. நான் என் காட்டேரியை ஒரு தரம்தான் சரித்து வைத்தேன். இரண்டு ஆக்சன் என்றால் இரண்டு தரம் அல்லவா சரித்திருக்க வேண்டும்?

வான்கதவு, 8:52
நீர் சும்மா இரும். உம்முடைய வீட்டுத் தேத்தண்ணி என் கார்டில் ஊற்றுப்பட்ட கதையை நான் இன்னும் எடுக்கவில்லை.

முறிகண்டிக் கச்சான், 8:58
மொட்டைக்கறுப்பன் அண்ணை சொன்னதற்குப் பதில் இல்லை, தேத்தண்ணிக் கதை வருகிறது. சரி, எங்கள் 304 சீட்டாட்டத்தில் ஜக்குக்கு 30 புள்ளி. அதை ஒரே கையில் இரண்டு தரம் இறக்கி 60 எடுப்பீர்களா?

வான்கதவு, 9:03
இரண்டு தரம் இறக்கியது ஒரே கார்ட் இல்லை. என் கையில் இரண்டு டிஃப்ளெக்ஷன் இருந்தது. 304 இல் நாலு ஜக் இருப்பது தெரியாதா? இரண்டு உம்மிடம் வந்தால் ஒன்றை எரித்துவிடுவீரா?

இன்னுமொன்று. இந்த விளையாட்டின் முதல் விதி என்ன? கார்டும் விதியும் முட்டினால் கார்ட் சொல்வதுதான் சட்டம். ‘உனக்குப் பிளீட் அடிக்கும்போது போடலாம்’ என்கிறது கார்ட். எனக்குப் பிளீட் வந்தது. போட்டேன். ‘ஒரு தரம்’ என்று அதில் எழுதியிருக்கிறதா? கண்ணாடி போட்டுப் பாரும்.

முறிகண்டிக் கச்சான், 9:06
கார்டில் ‘இரண்டு தரம்’ என்றும் எழுதவில்லை. எழுதாத இடத்தில் முட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஒரே ஆக்சன்.

ஸ்காபரோ மாமா, 9:20
பிள்ளைகளே, இந்தக் கார்ட்ஸ் எல்லாம் நான் அனுப்பியவை என்பதை மறக்க வேண்டாம். 1994 இல் வந்தவுடனே வாங்கியது. அப்போது பெயரே வேறு, ‘ஜிஹாட்’. அடுத்த வருடம்தான் இப்போதைய பெயரை வைத்தார்கள். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் செய்த விளையாட்டு. அந்தக் காலத்தில் நாங்கள் இப்படியெல்லாம் சண்டை பிடித்ததில்லை.

மொட்டைக்கறுப்பன், 9:26
1994 இல் எங்களுக்குப் பற்றரியே தடை மாமா. சைக்கிள் டைனமோவைச் சுற்றி அப்பா ரேடியோ கேட்ட காலம். நீங்கள் அங்கே பக்கற் உடைத்திருக்கிறீர்கள். நல்லது.

ஸ்காபரோ மாமா, 9:28
இப்படிச் சொல்லுவீர்கள் என்று தெரிந்திருந்தால் கார்ட்ஸை அனுப்பியிருக்கவே மாட்டேன்.

முறிகண்டிக் கச்சான், 9:33
மாமா நல்ல நேரம் வந்தீர்கள். ஜிஹாட் கார்டுக்கு முதுகு வேறு, பின்னால் வந்தவற்றுக்கு முதுகு வேறு. உறை போடாமல் இரண்டையும் கலந்து விளையாடுகிறார் வான்கதவு அண்ணை. அவருடைய டிஃப்ளெக்ஷன் இரண்டும் பழைய முதுகு. எதிரில் இருக்கிறவனுக்கு அப்படியே தெரியும்.

வான்கதவு, 9:35
ஆகா! என் கையில் என்ன இருக்கிறது என்று முதுகைப் பார்த்தே விளையாடியிருக்கிறீர். இப்போது அளாப்பியது யார்?

முறிகண்டிக் கச்சான், 9:36
தெரிந்தும் எனக்குப் பயம் வரவில்லை. ஏனென்றால் ஒரே காட்டேரி ஒரே ஆக்சனில் இரண்டாவது தரம் போட ஏலாது என்று எனக்கு விதி தெரியும்.

வான்கதவு, 9:44
விதி தெரிந்தவர் ஏன் எனக்குத் திருப்பினீர்? உமக்கு இடப்பக்கம் வட்டக்கச்சிக்காரி இருந்தார். அவரிடம் தள்ளியிருந்தால் உமக்கு லாபம். தள்ளவில்லை. ஏன்? தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் இரண்டு பேரும் கிணற்றடியில் நின்று குசுகுசுத்ததை நான் பார்க்கவில்லை என்று நினைப்பா?

வட்டக்கச்சிக்காரி, 9:47
இரண்டு சுற்றுக்கு என்னைத் தொடமாட்டேன் என்று சொன்னார். ஒப்பந்தம் பேசலாம் என்று விதியே சொல்கிறது.

வான்கதவு, 9:49
பேசலாம். ஆனால் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் அதே விதிதான் சொல்கிறது. கட்டாயம் இல்லாத வாக்கைக் காப்பாற்றப் போய்த்தான் அவுட் ஆனவர், என்னில் பழி போடுகிறார்.

முறிகண்டிக் கச்சான், 9:52
வாக்கைக் காப்பாற்றுவது பிழை என்று முதல்முறையாகக் கேள்விப்படுகிறேன். சரி, அது கிடக்கட்டும். ஒரே ஆக்சனா இல்லையா?

வான்கதவு, 9:55
இல்லை. மூன்று பேரிடம் கேட்டாலும் இல்லை. உம்முடைய காட்டேரிக்கு டொமினேட், அதாவது டிஃப்ளெக்ஷன் போடத் தேவையான சக்தி, சின்னது, ஒரு தரம் போட்டதும் லொக் ஆகிப் படுத்துவிட்டது. என்னுடையதற்குப் பெரியது, லொக் ஆகாது. போட்டுவிட்டும் நிமிர்ந்து நிற்கிறது. மறுபடி போடக் கூடாது என்றால் அதை ஏன் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள், அழகுக்கா?

மொட்டைக்கறுப்பன், 9:58
அடுத்த ஆக்சனைத் தடுக்க.

வான்கதவு, 9:59
அதைத்தான் நானும் சொல்கிறேன். அது அடுத்த ஆக்சன்.

முறிகண்டிக் கச்சான், 10:00
கடவுளே.

வட்டக்கச்சிக்காரி, 10:04
இரண்டாவதை வேறொரு காட்டேரியால் போட்டிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டோம். அண்ணையிடம் இன்னொன்று இருந்ததே?

வான்கதவு, 10:06
இருந்தது. அதற்கு டொமினேட் இல்லை. அதுவல்ல இங்கே பிரச்சினை.

முறிகண்டிக் கச்சான், 10:07
அதுதான் பிரச்சினையே! போட ஆள் இல்லை, அதனால் ஒரே ஆளை இரண்டு தரம் எழுப்பியிருக்கிறார்.

மொட்டைக்கறுப்பன், 10:15
வேறு விஷயம். பூல் எண்ண ஆளுக்கு 30 புளியங்கொட்டை கொடுத்தேன். நாலு பேருக்கு 120. இன்று பெட்டியில் 113. அம்மா கேட்கிறா.

வான்கதவு, 10:18
கச்சானைக் கேளும். 3 பூல் வைத்திருந்ததாகச் சொன்னவர், எண்ணும்போது மடியில் என்ன இருந்ததோ.

முறிகண்டிக் கச்சான், 10:19
3 என்று முதலில் எழுதியதே நீங்கள்தான் அண்ணை. மேலே போய்ப் பாருங்கள்.

வான்கதவு, 10:30
மேலே எல்லாம் போகத் தேவையில்லை. புதிதாக வருகிறவர்களுக்காகத் திரும்பவும் எழுதுகிறேன். முதல் பிளீட் எனக்கு. பிறகு கச்சானுக்கு. பிறகு எனக்கு. ஆள் மாறினால்