மறு: சைனஸ், மண்டையோட்டு அறுவைச் சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு,

மூக்கைச் சுற்றியும் மண்டையோட்டின் அடியிலும் செய்யும் அறுவைகளின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை ஒருசேரப் படித்துவிட்டு எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: கருவியின் பெயரை மட்டும் வைத்துச் சொல் கட்டினால் பாதிதான் தேறும். எந்த வழியாகப் போகிறார்கள், எதற்காகப் போகிறார்கள் என்பதும் சொல்லில் இருக்க வேண்டும்.

> எண்டோஸ்கோப் என்றால் உள்நோக்கி. அப்படியே 'உள்நோக்கி அறுவை' என்று வைத்துவிடலாமே?

'உள்நோக்கி' தனியாக நிற்கும்போது நல்ல சொல். 'அறுவை' பக்கத்தில் வந்ததும் உள்பக்கமாக அறுப்பது என்று படிக்கிறது. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்குவதால் ஒற்று மிகுந்து காட்டிக்கொடுக்கவும் வழியில்லை. போதாததற்கு, மூக்குக்குள் விட்டுப் பார்க்கும், 4 மி.மீ. தடிமனுள்ள இந்தக் குழாய்கள் எல்லாமே நேராகப் பார்ப்பவை அல்ல. 30, 45, 70 பாகை சாய்ந்து பார்ப்பவையும் உண்டு. நெற்றிப் பக்கம் வளைந்து ஏறும் இடத்தைச் சாய்நோக்கு இல்லாமல் சரியாகப் பார்ப்பது கடினம். எண்டோஸ்கோப்புக்கு இழையில் வந்த இன்னொரு சொல்லான 'அகநோக்கி' எனக்கு உடன்பாடு. மனத்தை ஆராய்வது போல ஒலிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அறுவை அரங்கில் அந்தக் குழப்பம் வராது.

அதற்கு முன்னால் 'மூக்குவழி' சேர்த்துக்கொள்வோம்: மூக்குவழி அகநோக்கி அறுவை. நோயாளி முதலில் கேட்பது "முகத்துல வெட்டுவாங்களா?" என்பதைத்தான். பெயரே பதில் சொல்லிவிடுகிறது. நோயாளிக்கான துண்டறிக்கையில் மட்டும் 'அறுவை சிகிச்சை' என்று முழுதாக எழுதுங்கள். வெறும் அறுவை என்றால் என்ன பொருள் என்று நம் குழுவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

> சைனஸ் = குழி

வேண்டாம். சைனஸ் என்பது மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் காற்று நிறைந்த அறை. மூக்குக்குழி வேறு, கண்குழி வேறு, இரண்டும் இதே பகுதியில் இருக்கின்றன. 'காற்றறை' போதும். நுரையீரலோடு குழம்பும் இடத்தில் 'மூக்குசார் காற்றறை' என்கலாம். கன்னக் காற்றறை, நெற்றிக் காற்றறை, கண்களுக்கு நடுவே சல்லடைக் காற்றறை, மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் ஆப்பெலும்புக் காற்றறை என நான்கும் தடையின்றி வந்துவிடுகின்றன. பேச்சில் சைனஸ் இருக்கட்டும், யாரும் பிடுங்கப் போவதில்லை.

இப்போது என்னை அதிகம் உறுத்தியது.

> ஃபங்ஷனல் எண்டோஸ்கோப்பிக் சைனஸ் சர்ஜரி = செயல்சார் அகநோக்கி காற்றறை அறுவை

'செயல்சார்' என்று படிப்பவருக்கு எதுவும் விளங்காது. 1985இல் டேவிட் கென்னடி என்ற மருத்துவர் 'ஃபங்ஷனல்' என்ற சொல்லை முன்வைத்ததற்குப் பின்னால் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து மருத்துவர் மெசர்கிளிங்கரின் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது. காற்றறைச் சவ்விலுள்ள நுண்மயிர்கள் சளியைத் தம் போக்கில் தள்ளுவதில்லை, இயற்கையாக உள்ள வாய்க்குத்தான் கொண்டுபோகின்றன. கன்னக் காற்றறையின் வாய் மேலே இருக்கிறது. கீழே ஓட்டை போட்டு வைத்தாலும் சளி அதைச் சட்டை செய்யாமல், புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏறிப் பழைய வாயைத்தான் தேடும். பழைய முறையில் மேலுதட்டுக்கு உள்பக்கம் வெட்டி, மேல்தாடை எலும்பைத் திறந்து, சவ்வையே சுரண்டி எடுத்தார்கள். புதிய முறையில் சவ்வை முடிந்தவரை விட்டுவிட்டு, அடைத்திருக்கும் வாயைத் திறக்கிறார்கள். சளி வடிந்து காற்றுப் போய்வரத் தொடங்கினால் சவ்வு பெரும்பாலும் தானாகத் தேறும். எனவே என் பரிந்துரை 'காற்றறை வடிகால் மீட்பு அறுவை'. 'வடிகால்' காற்றோட்டத்தை விட்டுவிடுகிறது என்பீர்கள். உண்மைதான். ஆனால் 'செயல்சார்' இரண்டையுமே விட்டுவிடுகிறதே!

> ஸ்கல் பேஸ் = மண்டையடி

ஐயா, 'மண்டையடி அறுவை' என்று தாளில் பார்த்தால் நோயாளி எழுந்து ஓடிவிடுவார். 'மண்டையோட்டுத் தளம்' என்பதே என் தேர்வு. அந்த எலும்பு மூளைக்குத் தரை, மூக்குக்குள்ளிருந்து பார்ப்பவருக்குக் கூரை. வீடு கட்டுகிறவர்கள் 'தளம் போட்டாச்சு' என்றால் மேலே கூரை போட்டாயிற்று என்று பொருள். மேல்வீட்டுக்காரருக்கு அதுவே தரை. இரு பக்கத்துக்கும் பொருந்துகிற சொல் கையிலேயே இருக்கும்போது 'கபால அடிப்பீடம்' எதற்கு?

'லாமினா பாப்பிரேசியா'வுக்கு வந்த 'தாளெலும்பு' அருமை, கை வைக்காதீர்கள். கண்ணையும் சல்லடைக் காற்றறையையும் பிரிப்பது அந்த மெல்லிய தகடுதான். ஐயம் வந்தால் வெளியிலிருந்து கண்ணை மெல்ல அழுத்தச் சொல்லி, உள்ளே திரையில் ஏதாவது அசைகிறதா என்று பார்ப்பார்கள். அசைந்தால் தகடு உடைந்திருக்கிறது, அந்தப் பக்கம் கருவி போகக் கூடாது. தாள் என்ற சொல்லுக்குள்ளேயே எச்சரிக்கை இருக்கிறது.

அப்புறம், கிராஃப்ட், ஃப்ளாப் இரண்டுக்கும் 'ஒட்டு' என்று போட்டிருக்கிறீர்கள். இது ஆபத்து. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் வரும் கட்டியை ஆப்பெலும்புக் காற்றறை வழியாக எடுக்கும்போதோ, தளத்தில் பெரிய திறப்பு விழும்போதோ, மூளைத்தண்டுவட நீர் மூக்கில் கசியாமல் அடைக்க வேண்டும். தொடையிலிருந்து கொழுப்போ தசையுறையோ வெட்டியெடுத்து வைத்தால் அது ஒட்டு. மூக்கு நடுச்சுவரின் சவ்வை உரித்து, பின்பக்கம் ரத்தக்குழாயோடு தொடர்பை அறுக்காமல் திருப்பிப் போர்த்தினால் அது வேறு. 2006இல் வெளியான இந்த முறைக்குப் பிறகுதான் பெரிய திறப்புகளை மூடுவதில் கசிவு வெகுவாகக் குறைந்தது. தொடர்பு அறாமல் நிற்பதால் அதை 'மடல்' என்போம்: நடுச்சுவர் மடல். காது மடல் போலத்தான். நம் குழுவில் மடலுக்கு வேறு பொருள் இருப்பதை மருத்துவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

'ஃப்ரன்டல் ரிசஸ்' மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நெற்றிக் காற்றறை மூக்குக்குள் வடியும் வழி அது. குழாய் அல்ல, சுற்றியுள்ள சிற்றறைகள் விட்டுவைத்த இடுக்கு. ஆளுக்கு ஆள் வடிவம் மாறும். 'நெற்றி முடுக்கு' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். குழுவிலுள்ள காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் பார்த்துச் சொல்லுங்கள், அதன்பின் பட்டியலில் ஏற்றலாம்.