நாவல் அடிக்கும் வேகமும் கதை வரும் வேகமும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

செக்காலை வாசகி:

முப்பது நாளில் ஒரு நாவல் என்று கணக்கு வைத்து இறங்கியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் முன்கதை வேண்டாம். நான் டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டும் ஹையர் பாஸ். 14 வருடமாகக் காரைக்குடியில் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை கிரயம், தானம், விடுதலை, பாகப்பிரிவினை என்று அடித்துக்கொண்டே இருப்பேன். விரலைப் பார்ப்பதில்லை. சில சமயம் திரையைக்கூடப் பார்ப்பதில்லை. நேரம் மட்டும் கிடைத்தால் போதும், வேகம் எனக்கு ஒரு பிரச்சினையே இல்லை என்று நம்பித்தான் நாவலைத் தொடங்கினேன்.

பதினோராம் நாள் ராத்திரி. புருஷன் வழி வந்த பங்கை ஆத்தா பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கிற இடம். பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) ஜமுக்காளம் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். 40 நிமிடத்தில் 900 வார்த்தை அடித்தேன். கை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. படுக்கும்போது நெஞ்சு நிறைந்து கண்ணீர் வந்துவிட்டது.

காலையில் இட்லி ஊற்றிவைத்துவிட்டு எடுத்து வாசித்தேன். ஆத்தா மகன்களைப் பார்த்துச் சொல்கிறாள்: "இனிமேல் இந்த வீட்டில் எனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது."

அது ஆத்தாவின் பேச்சே இல்லை. பங்கை விட்டுக்கொடுத்து எழுதுகிற விடுதலைப் பத்திரத்தின் பேச்சு. மேலே போய்ப் பார்த்தால் வீட்டை வர்ணித்த இடத்தில் கிழக்கே இன்னார் வீடு, மேற்கே தெரு என்று நான்கெல்லை எழுதியிருக்கிறேன். இரண்டு இடத்தில் "மேற்படி".

அந்த ஆத்தா யாரோ இல்லை, எங்கள் ஆயா, அம்மாவைப் பெற்றவர்கள். அவர்கள் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தேன், எனக்கு ஒன்பது வயது. அன்றைக்கு அவர்கள் ஏதோ சொன்னார்கள், அது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. நாலு நாள் ஒரு வரிகூட அடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும்போது வந்தது. இடுப்பிலிருந்த இரும்புச் சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஆயா கேட்டார்கள்: "சாவிய யாருகிட்ட குடுக்க?"

மூன்றே வார்த்தை. அதற்கு நாலு நாள் ஆனது எனக்கு வருத்தமில்லை. அந்த 900 வார்த்தை வரும்போது நான் எங்கே இருந்தேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. அப்போது அழுதேனே, அது எதற்கு? உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

தபால்காரர், தேவகோட்டை:

தாயி, நீங்கள் எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். எனக்கு நடந்தது சின்ன விஷயம்தான், ஆனால் முப்பது வருடம் கழித்தும் போகவில்லை. தந்தி இருந்த காலம். வார்த்தைக்கு இத்தனை என்று காசு. ஒரு பெரிய வீட்டு ஐயா படிவத்தை வாங்கிக்கொண்டு கவுண்டர் ஓரமாக அரைமணி நேரம் நின்றார். எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். காசுக்காக யோசிக்கிற ஆள் இல்லை அவர். கடைசியில் என்னிடம் நீட்டிய படிவத்தில் விலாசத்துக்குக் கீழே இருந்தது "வா" மட்டும். அதை அனுப்ப எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

சரி, ஒரு யோசனை சொல்கிறேன். தினக் கணக்கு 1,667 வார்த்தை, அதை 30 நாள் எழுதினால் 50,000. டைப்பிங் லோயர் தேர்வுக்கே நிமிடத்துக்கு 30 வார்த்தை வேண்டும். வகுத்துப் பாருங்கள், 56 நிமிடம். வேகம் என்று பார்த்தால் லோயர் பாஸானவர்கூட ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடலாம். யாரும் எழுந்திருப்பதில்லை. அதனால் டைப்பிங்கைப் பற்றிக் கவலைப்படுவதை முதலில் விட்டுவிடுங்கள்.

எங்கள் இலாகாக்காரர் ஒருவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்துத் தபால்துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய ஆந்தனி டிராலப். மொத்தம் 47 நாவல். விடியற்காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்துவிடுவார். எழுப்பிக் காபி கொடுப்பதற்கென்றே வேலைக்காரருக்கு வருடம் ஐந்து பவுண்டு தனியாகக் கொடுத்தார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை. மனிதர்களில் வேகமாக எழுதியவர்களில் ஒருவர் அவர். அந்த வேகமே நிமிடத்துக்கு 17 வார்த்தைதான் வருகிறது. அதாவது லோயர் தேர்வில் தேறமாட்டார். இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்று மணி நேரத்தில் முதல் அரைமணி, முந்தின நாள் எழுதியதை வாசிப்பதற்கு. காதில் அந்த ஓசை விழுந்த பிறகுதான் பேனாவை எடுப்பார். நீங்கள் பத்திரம் அடித்த ஓசை காதில் இருக்கும்போதே உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால்தான் அப்படி வந்திருக்கிறது. காலையில் வேலைக்குப் போவதற்கு முன் எழுதுங்கள். ஐந்து மணிக்கு எழுந்து, முதலில் முந்தின நாள் பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பள்ளத்தூரான்:

தபால் ஐயா கணக்கில் பிழை இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. தேர்வில் வார்த்தை என்பது ஐந்து தட்டு. கம்ப்யூட்டர் எண்ணுவது இடைவெளிக்கு இடைவெளி. இரண்டும் ஒன்று இல்லை. "வந்துகொண்டிருந்தவர்களுக்கும்" என்று தமிழ்99 விசைப்பலகையில் அடித்தால் 24 தட்டு. கம்ப்யூட்டருக்கு அது ஒரு வார்த்தை, தேர்வுக் கணக்கில் கிட்டத்தட்ட ஐந்து. அதனால் தமிழில் 1,667 வார்த்தையை 56 நிமிடத்தில் லோயர் வேகத்தில் முடிக்கவே முடியாது. செக்காலை அக்கா 40 நிமிடத்தில் 900 அடித்தது நிஜமாகவே பெரிய வேகம்.

அந்த 50,000 என்பதும் நம் கணக்கு இல்லை. முப்பது நாளில் நாவல் எழுதுகிற நானோரைமோ 1999இல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் 21 பேர் சேர்ந்து தொடங்கியது, இங்கிலீஷில் எழுதுகிறவர்கள் வைத்த எண். அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்பட்டும்விட்டது, நாம் இன்னும் அந்த எண்ணைக் கட்டிக்கொண்டு இருக்கிறோம். "இன் தி ஹவுஸ்" அங்கே மூன்று வார்த்தை, "வீட்டில்" இங்கே ஒன்று. தமிழில் 50,000 எழுதியவர் அவர்களைவிட ரொம்ப அதிகமாக எழுதியிருக்கிறார். இதைத் தெரியாமல் நான் மூன்று வருடம் தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் அனுபவம்: போன வருடம் வரை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றுவதுதான் பழக்கம். கதையில் தம்பி இறந்த செய்தி வருகிற இடம். "தம்பி" என்று வரவேண்டிய இடத்தில் மூன்று தடவை "தம்பீ" என்று விழுந்தது. திருத்தித் திருத்தி, நிமிர்ந்து பார்க்கும்போது அந்தத் துக்கம் போய்விட்டது. அப்புறம் திரும்பி வரவே இல்லை. அந்த அத்தியாயம் இன்றைக்கும் பாதியில் நிற்கிறது.

அதனால் எல்லாருக்கும் சொல்கிறேன், தமிழ்99 பழகுங்கள். 12 உயிரும் இடது கைப் பக்கம், 18 மெய்யில் பெரும்பாலானவை வலது கைப் பக்கம். ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். "அம்மா" என்றால் அ, ம, ம, ஆ, நாலே தட்டு. "ங" அடித்து "க" அடித்தால் "ங்க" வந்துவிடும். முதல் வாரம் கை வலிக்கும், விட்டுவிடாதீர்கள். தினம் அரைமணி, எழுத்தாக இல்லை, சொல்லாகப் பழகுங்கள். மூன்று வாரத்தில் கை தமிழில் யோசிக்கத் தொடங்கும். செல்போனிலும் அதையே வையுங்கள், இரண்டு பழக்கம் வேண்டாம். செக்காலை அக்காவுக்கு இது தேவைப்படாது, ஆனால் வாசிக்கிற மற்றவர்களுக்குத் தேவை.

கோட்டையூர் மருமகள்:

தம்பி, கை தமிழில் யோசிக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைத்தானே அக்கா எழுதியிருக்கிறார்கள்? அவர்கள் கை யோசித்தது, அவர்கள் யோசிக்கவில்லை.

எனக்கு டைப்பிங்கே தெரியாது. நான் வாயால் சொல்லி எழுதினேன். கண்ணதாசன் நம் சிறுகூடல்பட்டிக்காரர்தானே, அவர் சொல்லச் சொல்லப் பஞ்சு அருணாசலம் எழுதிக்கொண்டார் என்று வீட்டில் அடிக்கடி சொல்வார்கள். நமக்கு எழுத ஆள் கிடையாது, போன் இருக்கிறது. நினைத்த அளவுக்கு வேகமாகத்தான் வந்தது. ஆனால் "ஆச்சி" என்றால் "ஆட்சி" என்று போடும். புள்ளி, கமா எதுவும் கிடையாது. ஒரு அத்தியாயம் முழுக்க ஒரே வாக்கியமாக ஓடியது.

நடந்ததைச் சொல்கிறேன். வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) நடந்துகொண்டே சொல்லிக்கொண்டிருந்தேன். கதையில் 1941 கடைசி, ரங்கூனில் குண்டு விழுந்துவிட்டது, கொண்டுவிக்க, அதாவது அங்கே தொழில் பார்க்கப் போன அப்பா திரும்பவில்லை. மகள் தாயைக் கேட்கிறாள். அந்தக் கேள்வியைச் சத்தமாகச் சொன்னேன்: "அப்பச்சி ஏன் ஆத்தா கப்பல் ஏறல?"

இரண்டாம் கட்டுப் பகுதியில் வெள்ளைப் பணியாரத்துக்கு அரைத்த மாவை வழித்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டு அப்பத்தா, நான் அவர்களைத்தான் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். மாவு வழித்த கையோடு அங்கிருந்தே பதில் சொன்னார்கள்: "ஏறுனவுக எல்லாம் எறங்குனாகளா?"

போனில் அதுவும் விழுந்துவிட்டது. என் கேள்விக்குக் கீழே, ஒட்டினாற்போல. எழுத்துப் பிழைகூட இல்லை.

நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். அப்பத்தாவுக்கு அந்த 1941இல் ஆறு வயதுதான் இருக்கும். யார் ஏறினது, யார் இறங்கவில்லை என்று அன்றைக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. மாவு புளிக்கிறது என்று அவர்கள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஆறு மாதம் இருந்தார்கள். நான் கேட்கவில்லை. நாவலில் அந்த வரி அப்படியே இருக்கிறது, அதற்கு அடுத்த வரி மட்டும் என்னால் எழுத முடியவில்லை.

ஆத்தங்குடி கல்:

கோட்டையூர் அக்கா, அடுத்த வரி வேண்டாம் என்பது என் எண்ணம். அங்கேயே அத்தியாயத்தை முடித்துவிடுங்கள்.

நான் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறேன். கண்ணாடிமேல் அச்சுச் சட்டத்தை வைத்துக் கலரை ஊற்றும்போது கை முழுக்கச் சாயமும் சிமெண்டும் இருக்கும், போனைத் தொட முடியாது. ஆனால் கதை அப்போதுதான் வரும். ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருப்பேன். சாயங்காலம் கை கழுவிவிட்டு நோட்டை எடுத்தால் பாதி மறந்திருக்கும். முதலில் அது பெரிய நஷ்டமாகத் தெரிந்தது. ஒரு மழை நாள், வேலை இல்லை, காலையிலிருந்து நோட்டும் கையுமாக உட்கார்ந்து வந்ததையெல்லாம் எழுதினேன். 22 பக்கம். மறந்துபோயிருக்க வேண்டியது அத்தனையும் அதில் இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நாள் முழுக்க வாய்க்குள் நிற்கிற வரிதான் எனக்கு வேண்டிய வரி.

இப்போது ஒரு நாளைக்கு 15 வரி, 20 வரி. எட்டு மாதம் ஆகிறது. எழுதியதில் நீக்கியது ரொம்பக் குறைவு.

தபால்காரர், தேவகோட்டை:

பள்ளத்தூர்த் தம்பி சொன்ன வார்த்தைக் கணக்கு சரிதான், தமிழ் வார்த்தையின் நீளத்தை நான் யோசிக்கவில்லை. ஆனால் தமிழுக்கு இரண்டு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். மீதி 22 மணி நேரம் இருக்கிறதே, அப்போதும் முடிவதில்லையே? நான் சொல்ல வந்தது அதைத்தான். ஆத்தங்குடித் தம்பி எழுதியதைப் பார்த்த பிறகு என் பேச்சில் எனக்கு இன்னும் உறுதி வந்திருக்கிறது.

பள்ளத்தூரான்:

ஐயா, 22 மணி நேரம் யாருக்கும் கிடையாது. பத்து மணி நேரம் வேலை, வீட்டு வேலை, தூக்கம் எல்லாம் போய் ஒரு பெண்ணுக்கு ராத்திரியில் ஒரு மணி நேரம் மிஞ்சினால் பெரிது. அந்த ஒரு மணி நேரத்தில் விசைப்பலகையோடு மல்லுக்கட்டக் கூடாது என்றுதான் சொன்னேன். என் தம்பி அத்தியாயம் போனது அதனால்தான். கதை மெதுவாக வரட்டும், ஆனால் வரும்போது கை தடுக்கக் கூடாது.

செக்காலை வாசகி:

எல்லார் பதிவையும் வேலைக்கு நடுவில் வாசித்தேன். தபால் ஐயா, காலையில் ஐந்து மணிக்கு என்னால் முடியாது, தண்ணீர் வருகிற நேரம் அது. ஆனால் காதில் இருக்கிற ஓசை என்று சொன்னீர்களே, அதை எடுத்துக்கொண்டேன். ஆபீசிலிருந்து வந்ததும் நேராக மிஷினிடம் போவதில்லை. பிழையாகப் பிரிண்ட் ஆன தாள்கள் ஆபீசில் நிறையக் கிடக்கும். பத்திர எழுத்தர் ஐயாவிடம் கேட்டு, பெயர் விலாசம் எதுவும் இல்லாத தாளாகப் பார்த்து எடுத்துவந்து பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுகிறேன். பென்சிலுக்குப் பத்திர பாஷை தெரியவில்லை. என் கையெழுத்து அவ்வளவு மெதுவாக இருப்பதால், "யாதொரு" என்று தொடங்கினாலே பாதியில் நின்றுவிட முடிகிறது. எழுதி முடித்ததை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக அடித்துவிடுவேன், அதற்கு என் வேகம் போதும்.

கோட்டையூர் ஆச்சி, உங்கள் அப்பத்தா சொன்னதை வாசித்துவிட்டு மதியம் சாப்பிட முடியவில்லை. நானும் எங்கள் ஆயாவிடம் எதுவும் கேட்டதில்லை. அந்தச் சாவியை யார் வாங்கினார்கள் என்றே எனக்குத் தெரியாது. அம்மாவைக் கேட்டேன், அவருக்கும் ஞாபகம் இல்லை. பெரியம்மான் (அம்மாவின் அண்ணன்) ஒருவர் பாகனேரியில் இருக்கிறார், வயது 84. நாளைக்கு ஞாயிறு, பஸ் பிடித்துப் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன். பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.