ஹீட் ரேஞ்சுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? ‘வெப்ப வீச்சு’ ஒத்துவரவில்லை

தருமபுரியிலிருந்து:

வணக்கம். பழைய பெட்ரோல் கார்களில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது, மாற்றுவது பற்றிப் பட்டறைச் சுவரில் ஒட்டுகிற மாதிரி ஒரு தாள் தயாராகிறது. கார்புரேட்டர் வைத்த மாருதி 800, ஆம்னி, அம்பாசடர் ஆகிய வண்டிகளுக்கு. சொற்களில் பாதி தானாகவே அமைந்துவிட்டன. எலெக்ட்ரோடுக்கு மின்முனை, இன்சுலேட்டருக்குப் பீங்கான், கேப்புக்கு இடைவெளி, ரீச்சுக்கு மரைநீளம். பிளக்கைப் பிளக் என்றே விட்டாயிற்று. ‘தீப்பொறிச் செருகி ஒரு செட்’ என்று கேட்டால் உதிரிபாகக் கடைக்காரர் முகத்தைத்தான் பார்ப்பார்.

மாட்டிக்கொண்டது ஹீட் ரேஞ்சில், அதாவது பிளக்குகளை ஹாட், கோல்டு என்று ரகம் பிரிக்கிற அளவில். நேரே பெயர்த்தால் ‘வெப்ப வீச்சு’ என்று வரும். படிக்கிறவருக்கு ‘இந்தப் பிளக் எவ்வளவு சூட்டை வீசும்’ என்றுதான் தோன்றும். ஏற்கெனவே ‘ஹாட் பிளக் போட்டால் பொறி பலமாக அடிக்கும்’ என்றொரு நம்பிக்கை பட்டறைகளில் உலவுகிறது. அதற்கு நாமே முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடும். பொறியின் பலத்துக்கும் ஹீட் ரேஞ்சுக்கும் சம்பந்தம் கிடையாது. அது காயில், வயர், இடைவெளி சேர்ந்த கணக்கு.

வேறு சொல் தோன்றினால் சொல்லுங்கள்.

ஓசூரிலிருந்து:

பொருளை முதலில் பிடித்துக்கொண்டால் சொல் பின்னாலேயே வரும். பிளக்கின் நடுமுனையைச் சுற்றி வெள்ளைப் பீங்கான் மூக்கு ஒன்று இருக்கிறதல்லவா, எரியறைச் சூடு அதன் நுனியில்தான் ஏறுகிறது. ஏறிய சூடு பீங்கான் வழியே பின்னால் நகர்ந்து, இரும்பு உடலைத் தொட்டு, மரை வழியாகவும் வாஷர் வழியாகவும் சிலிண்டர் ஹெட்டுக்குப் போகிறது. மூக்கு நீளமாக இருந்தால் சூடு போகவேண்டிய தூரம் அதிகம். நுனி சூடாகவே நிற்கும். அது ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும். அது கோல்டு பிளக். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாய்ப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றில் பீங்கானைச் சுற்றி ஆழமான பள்ளம் தெரியும். மற்றதில் பள்ளம் கொஞ்சம்தான்.

நுனி சுமார் 450 டிகிரி செல்சியசுக்குக் கீழேயே இருந்தால் படிகிற கரி எரியாது, சேர்ந்துகொண்டே போகும். 850-ஐத் தாண்டினால் நுனியே கங்காகி, பொறி வரும் முன்பே பெட்ரோல்-காற்றுக் கலவையைப் பற்றவைத்துவிடும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். இந்த இரண்டுக்கும் நடுவில் நுனியை நிறுத்துவதற்குத்தான் இத்தனை ரகம்.

இன்னொன்று, புதுச்சொல்லில் ‘எண்’ என்ற பேச்சே வரக் கூடாது. என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் கோல்டு. பாஷ், சாம்பியனில் எண் கூடினால் ஹாட். ‘வெப்ப எண்’ என்று வைத்தால் பாதிக் கடையில் தலைகீழாக வாங்கி வருவார்கள்.

பாலக்கோட்டிலிருந்து:

‘சூடுதாங்கல்’ என்று வைக்கலாமா? கோல்டு பிளக் அதிகம் தாங்கும், ஹாட் பிளக் குறைவாகத் தாங்கும். சொல்லும் வாயில் எளிதாக வருகிறது.

தருமபுரியிலிருந்து:

வாயில் வருகிறது, பொருளில் நிற்கவில்லை ஐயா. தாங்குவது என்றால் உடையாமல் நிற்பது. இரண்டிலும் அதே பீங்கான்தான். மேலும் ‘அதிகம் தாங்கும்’ என்று எழுதிவிட்டால் எல்லாரும் அதையே கேட்டு வாங்குவார்கள், யாருக்குத்தான் குறைவாகத் தாங்குகிற சாமான் வேண்டும்? சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கிற வண்டியில் கோல்டு பிளக்கைப் போட்டால், நுனி சூடேறுவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுவார்கள். சில நாளில் கரி பிடித்து மிஸ்ஸிங் (சிலிண்டர் விட்டுவிட்டு எரிவது) ஆரம்பிக்கும். ஒன்று உசத்தி, ஒன்று மட்டம் என்ற வாடை சொல்லில் வரவே கூடாது. ‘தரம்’ என்று முடியும் சொற்களையும் அதனால்தான் ஒதுக்கச் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

ஓசூர் நண்பர் எழுதியதிலேயே விடை கிடக்கிறது. ‘சட்டென்று இறங்கிவிடும்’ என்கிறாரே, அதுதான் விஷயம். எவ்வளவு சூடு சேருகிறது என்பது பிளக்கின் குணம் அல்ல, அது எஞ்சினின் குணம். சேர்ந்தது எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதே பிளக்கின் குணம். வயலில் நின்ற மழைத்தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். வடிகால் பக்கத்தில் இருந்தால் விடிவதற்குள் வடிந்துவிடும். நாலு வயல் தாண்டிப் போகவேண்டும் என்றால் பயிர் அழுகுகிற வரை நிற்கும்.

ஆகவே ‘சூடுவடிவு’. ஹாட் பிளக்குக்கு ‘மெதுவடி பிளக்’, கோல்டு பிளக்குக்கு ‘விரைவடி பிளக்’. எண் எந்தப் பக்கம் ஓடினாலும் இந்தச் சொற்கள் மாறாது.

பாலக்கோட்டிலிருந்து:

வடி என்ற வேர் அருமை. என் ‘தாங்கலை’த் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ‘வடிவு’ வேண்டாம். வடிவு என்றால் உருவம், அழகு. சூட்டின் உருவம் என்று படிப்பார்கள். தவிர, தண்ணீர் தானாக வடிகிறது, சோற்றை நாம் வடிக்கிறோம். வடிதல் தன்வினை, வடித்தல் பிறவினை. இங்கே பிளக் சூட்டை வடிக்கிறது. எனவே ‘சூடுவடிப்பு’. சிலை வடிப்பதும் வடிப்புதான், ஆனால் முன்னால் சூடு நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது.

‘சூட்டுவடிப்பு’ என்று ஒற்று இரட்டிக்க வேண்டாமா என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். சூட்டை வடித்தல் என்று இரண்டாம் வேற்றுமை மறைந்து வருவதால் இரட்டிக்காது. நாடுகடத்தல், மாடு மேய்த்தல் மாதிரி.

ஓசூரிலிருந்து:

ஒப்புக்கொள்கிறேன். சொல் நிற்குமா என்று வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். இதோ சில:

‘கையேடு சொல்லும் சூடுவடிப்பு உள்ள பிளக்கையே போடவும்.’

‘ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மேலுமலை ஏற்றத்திலும் தொப்பூர்க் கணவாயிலும் அடிக்கடி ஏறுகிற வண்டியில் நுனி வெளுத்துக் கொப்புளித்தால், முதலில் கலவையையும் டைமிங்கையும் (பொறி அடிக்கும் நேரம்) சரிபார்க்கவும். அவை சரியாக இருந்தால் மட்டும் ஒரு படி விரைவடி.’

இந்த இரண்டாவது வாக்கியத்தைத் தாளில் கட்டாயம் சேர்க்க வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் வண்டியில் கலவையை மெலியவைக்கிறது. எத்தனாலில் ஆக்சிஜன் இருக்கிறது, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டோ பழைய அளவிலேயே விடுகிறது. நுனி வெளுப்பதைப் பார்த்து விரைவடி பிளக்கை மாட்டினால் வெளுப்பு குறையும், மெலிந்த கலவை அப்படியே இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். பிளக் சாட்சி சொல்கிற ஆள். சாட்சியை மாற்றினால் வழக்கு தீர்ந்துவிடாது.

தருமபுரியிலிருந்து:

நன்றி. சூடுவடிப்பு, மெதுவடி, விரைவடி மூன்றும் தாளில் ஏறிவிட்டன. முதல் ஆறு மாதத்துக்குப் பக்கத்திலேயே ஹீட் ரேஞ்ச் என்றும் போட்டுவைக்கலாம். மொத்த வரைவையும் கீழே ஒட்டுகிறேன், பிழை இருந்தால் அடியுங்கள்.

“எஞ்சின் நன்றாக ஆறட்டும். அலுமினிய ஹெட்டிலிருந்து சூட்டோடு கழற்றினால் ஹெட்டின் மரையும் சேர்ந்து உரிந்து வரும். வயர்களில் சிலிண்டர் எண்ணை ஒட்டிக்கொள்ளவும். தொப்பியைப் பிடித்து லேசாகத் திருகி இழுக்கவும். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே இழை அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. பிளக்கைக் கால் சுற்று தளர்த்தி, குழியைக் காற்றால் ஊதிய பிறகே முழுக்கக் கழற்றவும். ஊதாமல் விட்டால் அங்கே கிடக்கும் மண் சிலிண்டருக்குள் விழும்.

கழற்றிய பிளக்குகளை சிலிண்டர் வரிசையிலேயே வைத்துப் பார்க்கவும். வறுத்த கேழ்வரகு மாவு நிறத்தில் நுனி இருந்தால் நல்லது. காய்ந்த கறுப்புக் கரி: கலவை கனம், சோக் ஒட்டிக்கொண்டது, ஏர் ஃபில்டர் அடைப்பு, அல்லது எப்போதும் குறுந்தூர ஓட்டம். எண்ணெய்ப் பசையோடு கறுப்பு: ரிங் அல்லது வால்வு சீல்; பிளக்கை மாற்றுவது சில நாள் சமாதானம் மட்டுமே. பெட்ரோல் வாடையோடு ஈரம்: அந்த சிலிண்டரில் பெரும்பாலும் பொறியே இல்லை. எல்லாம் ஒரே நிறமாக இருந்து ஒன்று மட்டும் வேறாக இருந்தால், அதைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றி ஓட்டிப் பார்க்கவும். மிஸ்ஸிங் கூடவே போனால் கோளாறு பிளக்கில். பழைய இடத்திலேயே நின்றால் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, கம்ப்ரஷன் என்று தேடவும்.

நடுமுனையின் விளிம்பு கூராக இருக்க வேண்டும். உருண்டு மழுங்கியிருந்தால் மாற்றவும். பொறி கூர்விளிம்பிலிருந்து எளிதாகத் தாவும், மழுங்கலிலிருந்து தாவ அதிக வோல்டேஜ் கேட்கும். சாதா நிக்கல் பிளக்குக்கு 15,000 முதல் 20,000 கி.மீ. வரை ஆயுள். இடைவெளியைக் கையேட்டின்படி வைக்கவும். இந்த வண்டிகளில் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மி.மீ.க்குள் வரும். வளைக்க வேண்டியது பக்கமுனையை மட்டும். நடுமுனையை நெம்பினால் பீங்கான் மூக்கில் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விழும்.

புதிய பிளக்கைச் செருகி, 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் இறுக்கவும்.”

பாலக்கோட்டிலிருந்து:

இரண்டு சேர்க்கை. பீங்கானின் வெளிப்பக்கத்தில், இரும்பு உடலுக்குச் சற்று மேலே பழுப்பு வளையம் ஒன்று படியும். அதைப் பார்த்து ‘கேஸ் லீக் ஆகுது’ என்று நல்ல பிளக்கைத் தூக்கிப் போடுகிறார்கள். உயர் மின்னழுத்தம் எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்டவைத்த கறை அது, கோளாறு இல்லை. அதற்கு ‘ஒட்டுக்கறை’ என்று ஒரு பெயர் கொடுத்துவிட்டால் சொல்லிக்கொடுக்க எளிது. இரண்டாவது, கம்பி பிரஷ்ஷால் மூக்கைத் தேய்க்க வேண்டாம் என்று ஒரு வரி. பிரஷ்ஷின் உலோகம் பீங்கானில் கோடு இழுத்துவிடும், கரண்ட் அந்தக் கோட்டிலேயே ஓடி உடலில் இறங்கும், பொறி வராது.

கிருஷ்ணகிரியிலிருந்து:

கடைசி வரியில் ‘செருகி’ என்பதை எடுத்துவிடுங்கள். செருகு என்றால் ஆள் செருகத்தான் செய்வான். ஸ்பேனரில் மாட்டி நேரே குழியில் இறக்கி அழுத்துவான். அலுமினிய ஹெட்டில் மரை குறுக்கே ஏற அதுவே போதும். அப்புறம் ஹெட்டைக் கழற்றி இன்செர்ட் (புது மரைக்கூடு) போட வேண்டிய செலவு. அங்கே இப்படி வைக்கலாம்:

“பழைய பிளக்கோடு மரைநீளத்தை ஒத்துப் பார்க்கவும், 12.7 மி.மீ. இருந்த இடத்தில் 19 மி.மீ. போட்டால் பிஸ்டனோ வால்வோ மோதும். பிளக்கின் மேல்நுனியில் ஒரு சாண் ரப்பர் குழாயை மாட்டி, குழாயை விரலால் உருட்டியே மரையில் ஏற்றவும். மரை குறுக்கே பிடித்தால் பிளக் நிற்கும், குழாய் மட்டும் வழுக்கிச் சுற்றும். கழற்றி மறுபடி தொடங்கவும். வாஷர் தொடும் வரை கையாலேயே போக வேண்டும். டார்க் ஸ்பேனர் இல்லாதவர்கள் அதற்குமேல் புதிய வாஷருக்கு அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை, ஏற்கெனவே நசுங்கிய வாஷருக்குப் பன்னிரண்டில் ஒரு சுற்று இறுக்கவும்.”

தளர்வாக விட்டாலும் வாஷர் சரியாக ஒட்டாது, சூடு வடிய வழி இல்லாமல் விரைவடி பிளக்கும் மெதுவடியாகத்தான் நடந்துகொள்ளும் என்பதையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தருமபுரியிலிருந்து:

‘செருகி’ போய் ‘திருகி’ வந்தாயிற்று. ரப்பர் குழாய்க்குப் படம் வரையச் சொல்லியிருக்கிறது. ‘ஒட்டுக்கறை’யைத் தனி இழையில் பேசிக்கொள்வோம்.